இழை பிரியாத படம்

என் அண்ணனால் இப்போது மறுக்க மட்டுமே இயலும். எதை மறுக்கிறார் என்று சொல்ல இயலாது. பக்கவாதம் அவருடைய வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோனபோது 'இல்ல' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது. சோறு வேண்டுமா என்று கேட்டாலும் 'இல்ல'. வேண்டாமா என்று கேட்டாலும் 'இல்ல'. இத்தகைய ஒருவரைப் பற்றி எழுதுகிறவன் தன் ஊகத்தை அவர் மனத்தில் இருப்பதாகச் சொல்லிவிடுவது மிக எளிது. ஆகவே நான் கண்ணால் கண்டதையும், கையால் செய்ததையும், நானும் அண்ணன் மகளும் தனித்தனியே நினைவுகூர்ந்தபோது ஒத்துப்போனதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. இந்த வேலையில் நாங்கள் உறுதி செய்யாமல் நம்பிய ஒவ்வொன்றும் எங்கள் அச்சுத்தாள்களில் ஒன்றை வீணாக்கியது. தாள்கள் தீர்ந்துவிட்டன. இனி ஊகிப்பதற்கு எனக்கு உரிமையில்லை.

வேலை என்னவென்று முதலில் சொல்லவேண்டும். அண்ணன் பட்டுப்புடைவைக் கரைகளுக்குக் கட்டத்தாளில் சித்திரம் வரைந்து கொடுத்தவர். அந்தத் தொழிலை விட்டபின், பிள்ளையார்பாளையத்து வீட்டின் பின்னறையில் எண்ணெய் மையால் புகைப்படம் அச்சிடத் தொடங்கினார். புகைப்படக் கலையின் தொடக்க காலத்தவர் கையாண்ட முறை அது. தாளின்மேல் ஜெலட்டினைக் காய்ச்சிப் பூசி உலர்த்துவார். சாயக்காரர்கள் குரோம் என்று சொல்லும் ஆரஞ்சு நிற உப்பை நீரில் கரைத்து அதன்மேல் தடவி இருட்டில் உலர்த்துவார். பிறகு நெகட்டிவை அதன்மேல் வைத்து வெயிலில் காட்டுவார். வெயில் பட்ட இடத்தில் ஜெலட்டின் இறுகிவிடும். அந்தத் தாளைக் கழுவி, நீரில் ஊறவைத்தால், இறுகாத இடம் நீரைக் குடித்து உப்பும். இறுகிய இடம் உப்பாது. ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு, எண்ணெய் மை தொட்ட தூரிகையால் தட்டத் தொடங்குவார். நீர் குடித்த இடம் மையைத் தள்ளிவிடும். இறுகிய இடம் ஏற்றுக்கொள்ளும். மை ஏறிய இடமும் ஏறாத இடமுமாகப் பிரிந்து நிற்பதே படம்.

அண்ணி இறந்த சில மாதங்களில் அவர் ஒரு படத்தை எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகளுக்கு முன் அவரே எடுத்தது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு, தறியில் ஏற்றவேண்டிய நெடுக்கிழைகளான பாவை நீட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டிழைகளுக்கு அப்பால், ஒரு முனையைப் பிடித்தபடி அண்ணி நிற்கிறார். கண் கூசுவதுபோல் முகத்தைச் சற்றே சுருக்கியிருக்கிறார். இழைகள் படத்தின் குறுக்கே ஓடுகின்றன. அதைத் தாளளவு நெகட்டிவாக எடுத்துவைத்திருந்தார்.

படத்துக்கு மையிட்டுக்கொண்டிருந்தபோதுதான் விழுந்தார். நான் அப்போது அங்கில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் அந்தத் தாளைப் பார்த்தேன். இடப்பக்க ஓரத்தில் பாவின் சில இழைகள் மட்டும் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல், ஊசியால் கீறியதுபோல் நின்றன. அண்ணியின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெண்மை.

வீடு வந்ததிலிருந்து அவருடைய நாற்காலியைப் பின்னறை வாசலை நோக்கியே போடவேண்டியிருந்தது. வேறு பக்கம் திருப்பிப் போட்டால் கழுத்தை வளைத்துக்கொண்டு அங்கேயே பார்ப்பார். அவர் மகள், முசரவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள், ஞாயிறுதோறும் வருவாள். அதே நெகட்டிவைக் கடையில் கொடுத்துப் பளபளப்பான தாளில் பெரிதாக அச்சிட்டு, சட்டமும் போட்டுக் கொண்டுவந்தாள். அண்ணன் அதை இடக்கையால் வாங்கி, மடியில் கவிழ்த்துவைத்தார்.

"பாத்தீங்களா சித்தப்பா? அப்பாவுக்கு அவரு பண்ணின படம்தான் வேணும்" என்றாள்.

"அப்படித்தான்னு எப்படிச் சொல்றே?"

"கவுத்துட்டாரே, அப்புறம் இன்னா? டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? இன்னொரு தடவை வந்துச்சுன்னா... அவரு கண்ணு தெளிவா இருக்கும்போதே இதை முடிச்சுக் காட்டிடணும். நீங்கதான் செய்யணும். நான் லீவு போட்டாவது வர்றேன்."

நான் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன். தூரிகை பிடித்தவன் அல்லன். அண்ணன் அருகே நின்று பலமுறை பார்த்திருக்கிறேன் என்பதே என் தகுதி. அவரோ எதையும் எழுதிவைக்கிற வழக்கம் இல்லாதவர். பின்னறை அலமாரியில் ஜெலட்டின் பூசிய தாள்கள் ஒரு சிறு கட்டாக இருந்தன. அவ்வளவே. பூசும் பக்குவம் எங்கள் இருவருக்கும் தெரியாது.

பாதியில் நின்ற தாளையே தொடர்வதென்று முடிவு செய்தோம். அதை மீண்டும் ஊறவைக்கவேண்டும். சித்திரை மாதத்து நண்பகல். குழாயைத் திறந்தவள் மகள்; தட்டில் தாளை இட்டவன் நான். வெயிற்காலத்தில் மாடித்தொட்டி நீர் எப்படி இருக்கும் என்பது இந்த ஊரில் குளிக்கிற எவருக்கும் தெரியும். கை பொறுக்கும் சூடுதானே என்று இருவரும் விட்டுவிட்டோம். இறுகாத ஜெலட்டின் அந்தச் சூட்டைப் பொறுக்காது. முகத்தின் வெண்மை முழுவதும் பாலாடைபோல் தாளைவிட்டு நகர்ந்தது. நான் விரலால் தடுக்கப் பார்த்தேன், விரலோடு வந்துவிட்டது. இழைகள் மட்டும் அப்படியே இருந்தன.

அண்ணன் நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல" என்றார். அந்த ஒரு முறை அதன் பொருள் எனக்கு விளங்கியது.

அதன்பின் தரைத்தொட்டியிலிருந்து குளிர்ந்த நீரை மொண்டுகொண்டோம். அண்ணனும் பக்கத்து வீட்டுச் சாயக்காரரும் சேர்ந்து லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புகிற பொதுத்தொட்டி அது. புதுத் தாளில் குரோம் தடவி, வெயிலில் காட்டி, கழுவி, ஊறவைத்து, மையைத் தட்டினேன். இம்முறை ஜெலட்டின் உருகவில்லை. ஆனால் மை எங்கும் ஏறியது. வானம், தெரு, முகம், இழை எல்லாம் ஒரே சேறு.

சாயக்காரர் அவ்வழியே வந்தவர் எட்டிப் பார்த்தார். வாய் ஓயாதவர்; என்னைவிட இளையவர்.

"இன்னா வாத்தியாரே, அண்ணிய நிக்க வெச்சு அடுப்புக்கரிய பூசிட்டீங்களா?"

"மை அதிகமா ஏறுது. ஏன்னு தெரியல."

"இதுல பாவு எங்க இருக்குது?"

விரலால் காட்டினேன்.

"இதுவா பாவு? இழையே பிரியலியேபா! இந்தப் பாவை எவன் தறியில ஏத்துவான்? சிக்கெடுத்தே பொழுது போயிடும்."

ஏளனம்தான் என்றாலும், எங்களுக்கு அது ஓர் அளவுகோலாகியது. இழை பிரிந்தால் படம் சரி. இழை பிரியவில்லையென்றால் தவறு. அதன்பின் நாங்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இழைகளையே பார்த்தோம்.

மை இளகியிருக்கலாம் என்று நினைத்தேன். இந்த வெயிலில் எந்த மைதான் இளகாது? ஆளிவிதை எண்ணெய் சேர்ப்பதை நிறுத்தி, தகரத்தகடு கொண்டு சுரண்டவேண்டிய அளவுக்குக் கெட்டியான மையை எடுத்தேன். சேறு சற்று வெளிறியது, இழை பிரியவில்லை. வெயில் மிகுந்திருக்கலாம் என்று மகள் சொன்னாள். கைப்பேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் செய்துகாட்டும் காணொளியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "அவங்க ஊரு வெயிலு வேற, நம்ம ஊரு வெயிலு வேற சித்தப்பா. அவரு காட்டுற நேரத்துக்கு நம்ம ஊருல அப்பளமே காஞ்சிடும்." அடுத்த தாளைக் காலையிளம் வெயிலில், குறைந்த நேரம் காட்டினோம். மீண்டும் அதே சேறு. குரோம் தடவிய தாளைக் காத்திருக்கவைத்தால் வெயில் படாமலேயே இருட்டில் தானாக இறுகிவிடும் என்றும், வெப்பமும் புழுக்கமும் அதை விரைவுபடுத்தும் என்றும் அறிந்து, இன்னொரு தாளை உலர்ந்த உடனேயே வெயிலுக்குக் கொண்டுபோனேன். அதுவும் அவ்வாறே ஆயிற்று.

ஒவ்வொரு முறையும் அண்ணன் அருகே கொண்டுபோய் நீட்டுவேன். அவர் இடது சுட்டுவிரலை ஈரத் தாளின்மேல் வைத்து, முகம் இருக்கவேண்டிய இடத்திலிருந்து இழைகள் வரை மெதுவாக இழுப்பார். விரலை எடுத்துக்கொண்டு, "இல்ல" என்பார். உடல் நலத்தோடு இருந்த காலத்தில் ஊறிய தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. உப்பிய இடமும் உப்பாத இடமும் மேடுபள்ளமாய், மையிடுமுன்பே படம் அங்கே தெரியும். நானும் சாய்த்துப் பார்த்தேன். தாள் முழுவதும் மழமழவென்று சமமாக இருந்தது. எங்குமே உப்பவில்லை. அப்படியானால் பிழை மையில் இல்லை, தூரிகையில் இல்லை, என் கையிலும் இல்லை. மை தொடுமுன்பே ஏதோ ஒன்று ஜெலட்டின் முழுவதையும் இறுக்கிவிடுகிறது.

அது என்ன என்பதைத்தான் அண்ணனிடம் கேட்டேன். வெயிலா? "இல்ல." குரோமா? "இல்ல." தாளா? "இல்ல." குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு பிரித்தறியலாம் என்று சில நாள் முயன்றேன். ஒரு சொல்லின் பொருள் வேறுபாடுகளை மாணவர்க்கு விளக்கியே வாழ்நாளைக் கழித்தவன் நான். அண்ணனின் ஒற்றைச் சொல்லை என்னால் பிரிக்க முடியவில்லை. ஒருமுறை நான் தொடர்ந்து கேட்டதில் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்து, "போதும் சித்தப்பா, பரீட்சை வெக்காதீங்க" என்றாள். அதன்பின் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரே ஒரு தாள் எஞ்சியிருந்தபோது, ஒரு காலைப்பொழுதில் தரைத்தொட்டியின் மூடி திறந்திருக்கக் கண்டேன். சாயக்காரர் குந்தி உட்கார்ந்து, துணியில் முடிந்த ஏதோ ஒன்றை நீருக்குள் விட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியலியா? படிகாரம். லாரிக்காரன் ஏரிய அப்படியே கலக்கி எடுத்துக்கினு வந்து ஊத்துறான். நீங்க வேற படம் பண்ணிக்கினு இருக்கீங்களா, அதான் இன்னும் ரெண்டு கட்டி சேத்துப் போட்டேன்."

"எப்போதிலிருந்து?"

"நீங்க இங்கேருந்து தண்ணி மொள்ள ஆரம்பிச்சதுலேருந்துதான். சும்மாவா? படிகாரம் போட்டா சாயம் நல்லாப் புடிக்கும் வாத்தியாரே! வெறுந்தண்ணியில தோய்ச்சா நிக்குமா? உங்க மையும் நல்லாப் புடிக்கட்டுமேன்னுதான் போட்டேன்."

மை நன்றாகத்தான் பிடித்திருந்தது. அவர் தொழிலில் சாயம் பிடிக்காமல் போவதே குற்றம். பட்டு எங்கும் ஒரே சீராகப் பிடித்தால் பெருமை. பிடிக்காத இடத்தால்தான் ஒரு படம் உருவாகிறது என்பதை அவருக்கு எவரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அன்போடு செய்தவரிடம் என்ன சொல்வது? "சரிபா" என்றேன்.

மகளிடம் சொன்னபோது கைப்பேசியில் தேடிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஜெலட்டினை ஹார்டாக்கவே படிகாரம் போடுவாங்களாம் சித்தப்பா! நம்ம எல்லாத் தாளையும் ஊறப்போட்டதே அதுலதான்!" பிறகு சிரித்தாள். பிறகு அழுதாள். எஞ்சிய தாள் அலமாரியில் இருந்தது.

கடைசித் தாளுக்குக் கேன் தண்ணீர் வாங்கி, மண்பானையில் ஊற்றி ஆறவைத்தோம். குரோமையும் அந்த நீரிலேயே கரைத்தேன். அன்று மேகமூட்டமாக இருந்தது. வெயில் சீராக இல்லை. மையும் முந்தையதினும் கெட்டி. தாள் ஊறியபின் சன்னலருகே சாய்த்துப் பார்த்தேன். அண்ணியின் முகம் மேடாக எழுந்து நின்றது. குறுக்கே பாவு, நகக்கீறல்கள்போல் பள்ளம் பள்ளமாக ஓடியது. மகள் என் தோளைப் பற்றிக்கொண்டாள்.

அண்ணனின் நாற்காலியை மேசையருகே இழுத்து, அவர் பார்க்கும்படி தாளைக் கண்ணாடிப் பலகையில் பரப்பி, தட்டத் தொடங்கினேன். முதலில் இழைகள் வந்தன. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வந்தன. சாயக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அட, இழை இழையா நிக்குதுபா! இப்போ ஏத்தலாம் தறியில" என்றார். அதன்பின் புடைவைக் கரை, கையிலிருந்த முனை, கழுத்து. கடைசியாக முகம். சுருங்கிய கண்களும், மூக்குத்தியின் ஒளிப்புள்ளியும், மூடிய வாயும் வந்துவிட்டன. அண்ணி எங்களைப் பார்த்தார். அதற்குமேல் ஒரு தட்டும் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது. தூரிகையைக் கீழே வைத்தேன்.

அண்ணன் இடக்கையை நீட்டி அந்தத் தூரிகையை எடுத்தார்.

மை தொடவில்லை. வெறுந்தூரிகையால் அண்ணியின் முகத்தின்மேல் தட்டினார். விரைவாகத் தட்டி எடுத்தால் தூரிகை மையை இடாது. ஏறிய மையைத் தூக்கிவிடும். அவர் கற்ற வித்தைகளில் அதுவும் ஒன்று, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது வலக்கையின் வித்தை. இடக்கை நடுங்கியது. சில தட்டுகள் முகத்தில் விழுந்தன. சில விலகி இழைகளில் விழுந்தன. முகம் வெளுக்கத் தொடங்கியது. கன்னம் போயிற்று. வாய் மங்கியது.

"சித்தப்பா, புடிங்க அவர் கையை!" என்றாள் மகள். "அம்மா போறாங்க!"

நான் அவர் மணிக்கட்டைப் பற்றினேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கையை விட்டுவிட்டேன். இன்றும் அவள் என்னிடம் கேட்கிற கேள்வி, ஏன் விட்டீர்கள் என்பதுதான். அவர் பார்வையில் வேண்டுகோள் இருந்தது என்றோ, கோபம் இருந்தது என்றோ நான் எழுதலாம். எழுதமாட்டேன். அவர் பார்த்தார், நான் விட்டேன்.

மேலும் தட்டினார். கண்களின் இரண்டு கோடுகளும் புருவத்தின் சாயலும் மட்டும் எஞ்சியபோது கை நின்றது. தூரிகை மேசையில் உருண்டது. அவர் "இல்ல" என்றார். சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில் மீண்டும் "இல்ல" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உறங்கிவிட்டார். சாயக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மீண்டும் மையிட்டுப் பார்க்கலாம் என்று மகள் சொன்னாள். தாள் ஈரமாக இருக்கும்வரை அது இயலும். நான் தூரிகையைத் தொடவில்லை, அவளும் தொடவில்லை. தாள் உலர்ந்தது.

அண்ணியின் ஆண்டுத் திதியன்று கடையில் அச்சிட்ட படத்துக்கே மாலையிட்டோம். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் மைப் படம் பின்னறை மேசைமேல் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அவருடைய நாற்காலி இப்போதும் அந்த வாசலை நோக்கியே இருக்கிறது. திருப்பிப் போட்டால் அவர் கழுத்தை வளைத்துக்கொள்வது நின்றபாடில்லை. இரண்டாம் முறை வாதம் இன்னும் வரவில்லை.

அவருடைய பழைய படங்களில் முகங்கள் எல்லாமே வெளிறித்தான் இருக்கும், அதுவே அவர் பாணி என்று மகள் சொல்கிறாள். அந்தப் படங்களை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அவ்வாறு தெரியவில்லை. நாங்கள் ஒத்துப்போகாததால் அதைச் சான்றாகக் கொள்ளவில்லை.

தெரியாதவை இவை. முந்தைய தாள்கள் கெட்டதற்குப் படிகாரம்தான் காரணமா என்பது தெரியாது. கடைசி முறை நீர், மை, வெயில் மூன்றும் மாறியிருந்தன, ஒப்பிட்டுப் பார்க்க வேறு தாள் இல்லை. அண்ணன் கேட்டது இந்தப் படத்தைத்தானா என்பது தெரியாது. அன்று அவர் அந்த முகத்தைத் திருத்தினாரா, அழித்தாரா, அல்லது செய்ய நினைத்தது வேறாக இருக்க இடக்கைதான் அவ்வாறு செய்துவிட்டதா என்பதும் தெரியாது.